நல்ல நேரம்: ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை

எங்கள் அலுவலகத்தில் டவுன்டைம், அதாவது கம்ப்யூட்டர் நின்றுபோகும் நேரம், கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்காக டெல்லியில் கொடுத்த கேடயம் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வாரம் ஒரு முறை அதைத் துடைத்து வைப்பது என் பொறுப்பு.

அலுவலகத்தின் பெயர் வாழ்நிகழ்வுப் பதிவு இயக்ககம். இருப்பது உப்பளம் பகுதியில். பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சில் ‘எத்தா சிவில்’ என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான் என்று அவர்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. இந்த ஊரில் பிறக்கிற ஒவ்வொருவருக்கும் எங்களிடம் ஒரு வரி உண்டு. ஒரு மனிதருக்கு ஒரு வரிதான். இடது பக்கம் பிறந்த தேதியும் நேரமும், வலது பக்கம் இறந்த தேதியும் நேரமும். நடுவில் அவர் என்ன செய்தார் என்பது எங்கள் துறையில் வராது.

நான் தேவதாஸ், முதுநிலை எழுத்தர். சுற்றறிக்கை வரைவது, கோப்பில் குறிப்பு எழுதுவது, விழா என்றால் நிகழ்ச்சி நிரல் போடுவது எல்லாம் நான்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் என் வரைவில் எந்த இயக்குநரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டு நான் என்ன காரியம் செய்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பதிவுகள் இருந்த பழைய கம்ப்யூட்டர் சர்வருக்கு வயது பத்தொன்பது. மாடிப்படிக்கு அடியில் ஏசி போட்ட ஒரு சின்ன அறையில் இருந்தது. ஆஸ்பத்திரிகளிலும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் தட்டுவதெல்லாம் நேராக அதில் வந்து சேரும். முந்தின வருஷம் ‘காகிதம் ஒழிந்தது’ என்று ஒரு விழா எடுத்து, பிரசவ வார்டுகளில் நர்ஸுகள் எழுதிவந்த நோட்டுகளைக்கூட வாங்கி எடைக்குப் போட்டுவிட்டோம். அந்தச் சுற்றறிக்கையும் என் கைவண்ணமே. ஆக, கடைசிக் கணக்கின்படி முப்பத்தெட்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூற்றேழு மனிதர்கள் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தார்கள். பெட்டி போன கோடையிலிருந்து ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது. புதிது வாங்கி, எல்லோரையும் அதற்குக் குடிமாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

இதற்காக ஒப்பந்தத்தில் வந்தவள் பூர்ணிமா. லாஸ்பேட்டைப் பெண், இருபத்தாறு வயது. முதல் கூட்டத்தில் எழுந்து நின்று எளிமையாகத்தான் சொன்னாள்.

“சார், இருக்கறதை எல்லாம் முன்கூட்டியே காப்பி பண்ணி வெச்சிடலாம். அப்புறம் புதுசா வர்றது மட்டும் பின்னாடியே வந்துட்டிருக்கும். கடைசியா ஒரு மூணு நிமிஷம் பழசை நிறுத்தி, மிச்சம் மீதி எல்லாம் வந்துச்சான்னு பாத்துட்டு, புதுசை ஓட விடலாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குப் பண்ணிட்டா யாருக்கும் தெரியவே தெரியாது.”

இயக்குநர் சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

“யாருக்கும் தெரியாதுன்னா எதுக்கும்மா பண்றது?”

பூர்ணிமா கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு சீஃப் கெஸ்ட் வருவாரா? பத்திரிகைக்காரங்க வருவாங்களா? அது கெடக்கட்டும். மூணு நிமிஷம் நிறுத்தறேங்கிறியே, அது என்ன?”

“அதான் சார் டவுன்டைம். மினிமம் டவுன்டைம்.”

“மினிமம்னா கொஞ்சமாவது இருக்குன்னு ஆயிடும். இருந்தா யார் பொறுப்புன்னு கேப்பாங்க. நான் பொறுப்பில்ல, நீ கான்ட்ராக்ட், தேவதாஸ் கிளார்க். யாருமே பொறுப்பில்லாத ஒண்ணு எப்படிம்மா இருக்க முடியும்? அதனால அது இல்ல.”

கோப்பின் அட்டையில் ‘குறைந்தபட்ச டவுன்டைமில் தரவு இடமாற்றம்’ என்று நான் எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவால் ‘குறைந்தபட்ச’ என்பதை அடித்துவிட்டு ‘பூஜ்ய’ என்று எழுதினார். என் இருபத்திரண்டு வருஷ சாதனை அன்றைக்கு முடிந்தது.

நாள் குறிக்கச் சொன்னது என்னிடம். நான் கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன், ராகு காலம் பார்க்கிற வழக்கமில்லை. ஆனாலும் அரசு ஊழியனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து, ஆவணி, வளர்பிறை, புதன்கிழமை, நல்ல நேரம் காலை ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை என்று குறித்துக் கொடுத்தேன். ஊரிலுள்ள எல்லா ஆஸ்பத்திரியும் எல்லா கவுன்டரும் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. பூர்ணிமா என் மேஜைக்கு வந்து இதைச் சொன்னாள். நல்ல நேரத்தை நான் தயாரிப்பதில்லை என்றேன்.

விழா அன்று புதிய சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் ஸ்டாண்டின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒன்பதேகாலுக்குக் காப்பி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார் இயக்குநர். பூஜை போட்ட பிறகு சிறப்பு விருந்தினர் கைபடும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாதாம். பழைய சர்வர் மட்டும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே டவுன்டைம் இல்லை.

“அப்ப நடுவுல வர்றதெல்லாம் பழசுலயே நிக்கும் சார்,” என்றாள் பூர்ணிமா. “பட்டன் அழுத்தினதும் எனக்கு ஒரு பத்து நிமிஷம் குடுங்க. எடுத்துக்கறேன்.”

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்புரை, பொத்தான் அழுத்துதல், பணி ஓய்வு பாராட்டு, நன்றியுரை, நாட்டுப்பண். பத்து நிமிஷத்துக்கு எங்கேயும் இடமில்லை. டீ குடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன்.

பணி ஓய்வு பாராட்டு யாருக்கு என்று கேட்பீர்கள். பழைய சர்வருக்குத்தான். பத்தொன்பது வருஷம் உழைத்த ஒருவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று இயக்குநர் பொன்னாடையும் ரோஜா மாலையும் வாங்கிவரச் சொல்லியிருந்தார். நானே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். மாப்பிள்ளை கழுத்து என்ன அளவு என்று பூக்காரம்மா கேட்டார். நான் பெட்டியின் அளவைச் சொன்னேன். அவர் அந்த அளவுக்கே கட்டிக் கொடுத்தார்.

சிறப்பு விருந்தினர் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வந்தார். பத்து மணி நான்கு நிமிஷத்துக்குப் பொத்தானை அழுத்தினார். கை தட்டினோம். பத்தேகாலுக்குள் பொன்னாடை போர்த்தியாக வேண்டும் என்பதால், அடுத்த நிமிஷமே நான்கு பேர் மாடிப்படிக்கு அடியில் போய் வயர்களைப் பிடுங்கி, பழைய சர்வரை மேடைக்குத் தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பூர்ணிமா “சார், சார்” என்று பின்னாலேயே ஓடிவந்தாள். மைக் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

“இவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை,” என்று இயக்குநர் பேசினார். “எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. உள்ளே என்ன போட்டாலும் வாங்கிக்கொண்டார். ஏன், எதற்கு என்று யோசித்ததே இல்லை. ஓர் அரசு ஊழியருக்கு வேறென்ன தகுதி வேண்டும்? நானே இவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.”

அதற்கும் கை தட்டினோம்.

டீக்குப் பிறகு, பழையதற்கு மறுபடி வயர் மாட்டட்டுமா என்று பூர்ணிமா கேட்டாள். இயக்குநர் என்னைப் பார்த்தார். “ஓய்வு ஆணையில கையெழுத்துப் போட்டாச்சு. ரிடையர் ஆனவரை அன்னிக்கே டியூட்டிக்குக் கூப்பிட ரூல்ஸ் இருக்கா, தேவதாஸ்?”

“இல்லைங்க சார்,” என்றேன்.

ரூல்ஸில் இல்லைதான். ஆனால் அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ‘பாத்துச் சொல்றேன் சார்’ என்றிருந்தால்கூட அவள் அதற்குள் பத்து நிமிஷ வேலையை முடித்திருப்பாள். சொல்லிவிட்டேன்.

ஒன்பதேகாலிலிருந்து பத்து மணி நான்கு நிமிஷம்வரை, நாற்பத்தொன்பது நிமிஷம். அதில் பிறந்து விடுபட்டது பதினேழு பேர் என்று பூர்ணிமா கணக்குச் சொன்னாள். வெளியே சொல்லாதே என்றார் இயக்குநர். அப்படி யாராவது வந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னை ஒரு சுற்றறிக்கை வரையச் சொன்னார். வரைந்தேன். ‘பிறப்புப் பதிவு காணப்படவில்லை என முறையிடுவோர், சம்பந்தப்பட்ட குழந்தையை நேரில் கொண்டுவந்து காட்டி, மறுநாள் தேதியிட்டுப் பதிவு பெறலாம்.’ சுருக்கமாக, தெளிவாக, யார் மேலும் பழி வராமல் எழுதியிருப்பதாக இயக்குநர் பாராட்டினார். பதினாறு பேர் வந்தார்கள். பதினாறு குழந்தைகளும் வியாழக்கிழமை பிறந்தன. ஓர் அம்மா மட்டும், “எனக்குப் புதன்கிழமதாங்க வலி எடுத்துச்சு” என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

பதினேழாவது ஆளாக வந்தவன் கலைவாணன்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போட்டில் கடலுக்குப் போகிறவன். முப்பது வயது இருக்கும். கவுன்டரில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, யாரும் இல்லாதபோது வந்தான்.

“பொம்பளப் புள்ள சார். புதங்கெழம பொறந்துச்சு. ஒம்பது இருவத்தொண்ணு. அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணும்.”

தேடிப் பார்த்தேன். இல்லை. என் சுற்றறிக்கையை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

“குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. இன்னிக்கே போட்டுக் குடுத்துடறோம்.”

அவன் அதைப் படித்தான். நிதானமாக இரண்டு தரம் படித்தான்.

“எங்கேர்ந்து சார் கூட்டியாறது? ஒம்பது அம்பத்தி நாலுக்குப் போயிடுச்சே.”

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பதில் எனக்கு வந்ததில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவன் சொன்னது இவ்வளவுதான்.

அவன் பெண்டாட்டி பெயர் சத்யப்பிரியா. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான முதல் குழந்தை. திடீரென்று ஆபரேஷன் செய்ய வேண்டிவந்து, அவளுக்கு முழு மயக்கம் கொடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு மூச்சு சரியில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, அப்பா வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். முப்பத்து மூன்று நிமிஷம் அது உயிரோடு இருந்தது. பெரும்பாலும் இவன் கையில்தான் இருந்தது. சத்யப்பிரியா கண் விழித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளை அடிக்கும் கம்ப்யூட்டர், குழந்தையின் வரியை எங்கள் சர்வரிடம் கேட்கும். வரி இல்லை என்று பதில் வந்தால், அதுவாகவே ஒரு வார்த்தையைப் போட்டுவிடும். ‘இறந்தே பிறந்தது’ என்று போட்டிருந்தது. கீழே சீல்.

“நான் அவகிட்ட சொல்லியிருந்தேன் சார். கண்ணத் தொறந்து என்னைப் பாத்துச்சு, கைய கைய ஆட்டுச்சு, கொஞ்ச நேரம் நம்மகிட்ட இருந்துட்டுத்தான் போச்சுன்னு. அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருந்தா. இந்தப் பேப்பரப் படிச்சா பாருங்க, அதோட சரி. என்னை ஏமாத்தறதுக்குக் கத கட்டினியான்னு ஒரே வார்த்தை. அதுலேர்ந்து என்கூடச் சரியாப் பேசறதில்ல.”

“நர்ஸு யாராவது வந்து சொன்னா...” என்று இழுத்தேன்.

“பச்சையம்மாள்னு ஒரு நர்ஸம்மா சார். கம்ப்யூட்டர்ல இல்லாதத வெளிய சொன்னா மெமோ குடுப்பாங்கன்னு பயந்துகினே வீட்டுக்கு வந்து சொன்னாங்க. ‘நீ கூட்டியாந்த ஆளு நீ சொன்னததான சொல்லும், பேப்பர்ல சீல் இருக்குதே’ன்னுட்டா. நான் பொய்யன்னு இருந்துட்டுப் போறேன், பரவால்ல. அந்தப் புள்ள இருந்துச்சு சார். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சுற்றறிக்கையை மடித்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு அவனை இயக்குநரிடம் அழைத்துப் போனேன்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. அவனை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன். ஆனா என்ன துக்கம்னு ஃபைல்ல எழுத முடியாது. உங்க குழந்தை அந்த நேரத்துல பிறந்து, பதிவு ஆகலைன்னு வெச்சுக்கங்க. அப்ப அந்த நேரத்துல டவுன்டைம் இருந்துச்சுன்னு ஆவும். இல்லைன்னு டெல்லிக்கு எழுதிக் குடுத்துட்டோம். இல்லாத நேரத்துல ஒரு குழந்தை எப்படிப் பிறக்கும்? நீங்களே சொல்லுங்க.”

“பொறந்துச்சு சார்,” என்றான் கலைவாணன்.

“அது உங்க கருத்து.”

பூர்ணிமாவைக் கூப்பிட்டார்கள். பழைய சர்வர் ஸ்டோர் ரூமில் பொன்னாடையோடு அப்படியேதான் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஓட விட்டால் அந்த வரியை எடுத்துத் தந்துவிடுவேன் என்றாள். ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைப்பதானால் மறுநியமன ஆணை வேண்டும் என்றார் இயக்குநர். நான் கோப்பு தொடங்கினேன். மறுநியமனத்துக்கு உடல் தகுதிச் சான்று கேட்டார்கள். பூர்ணிமாவே பெட்டியைத் துடைத்து, மின்விசிறி சுற்றுகிறது, உடம்பு சூடு சரியாக இருக்கிறது என்று சான்று எழுதிக் கொடுத்தாள். ஓய்வுக்குப் பிறகு வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று உறுதிமொழி கேட்டார்கள். அதை நான் கொடுத்தேன். நன்னடத்தைச் சான்றுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதினோம். பதினெட்டு நாள் கழித்து, மேற்படி நபர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்று பதில் வந்தது.

இப்படி ஆவணி, புரட்டாசி, ஐப்பசி போயிற்று. கலைவாணன் கடலுக்குப் போகாத நாட்களிலெல்லாம் வந்தான். வந்ததும் போனதும் தெரியாது. அந்தக் கேடயப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பான்.

“வீட்டுல எப்படி?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“சோறு ஆக்கறா, போடறா. நான் திங்கறேன்.”

கார்த்திகையில் ஆணை வந்தது, ஒரு மணி நேரப் பணிக்கு மட்டும். வயரை மாட்டினார்கள். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. பூர்ணிமா தேடினாள். வரி இருந்தது. பெண். பிறப்பு 9.21. இறப்பு 9.54. தாய் பெயர், தகப்பன் பெயர், எடை எல்லாம் இருந்தது. இரண்டு கிலோ நூறு கிராம்.

கலைவாணன் திரைக்கு முன்னால் குனிந்தே நின்றான். பிறகு போனில் அதைப் படம் எடுத்தான். மறுநாள் காலையே திரும்பி வந்துவிட்டான்.

“போன்ல எத வேணா காட்டலாம்ங்கறா சார். ஆஸ்பத்திரிப் பேப்பர எடுத்துப் பக்கத்துல வெக்கறா. இதுல சீல் எங்கன்னு கேக்கறா.”

ஆகவே வரியைப் புதிய சர்வரில் ஏற்றி, சீல் போட்ட சான்றிதழ் எடுக்க வேண்டும். அங்கேதான் கடைசிச் சிக்கல் வந்தது. புதன்கிழமை பொத்தான் அழுத்திய நேரத்தில் பழையதிலும் புதியதிலும் ஒரே எண்ணிக்கை, முப்பத்தெட்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூற்றேழு, ஒருவர்கூடத் தவறவில்லை என்று தணிக்கையில் சான்று வாங்கியிருந்தோம். கேடயம் கிடைத்தது அந்தச் சான்றுக்குத்தான். புதன்கிழமைத் தேதியில் ஒரு வரியைக் கூட்டினால் சான்று பொய்யாகிவிடும்.

“எனக்கு மனசு இல்லாம இல்ல,” என்றார் இயக்குநர். “ஆனா நம்பர் நம்பர்தான். ஒருத்தர் உள்ள வரணும்னா ஒருத்தர் வெளிய போகணும்.”

“செத்துப்போனவங்க வரி எதையாவது எடுத்துக்கலாமே சார்?” என்றாள் பூர்ணிமா. அவள் குரலில் அப்போது மரியாதை இல்லை.

“நீக்கறதுக்கு சம்பந்தப்பட்டவர் கையெழுத்து வேணும். செத்தவங்க எப்படிம்மா போடுவாங்க? யோசிச்சுப் பேசு.” பிறகு கலைவாணன் பக்கம் திரும்பி, இதோடு விஷயம் முடிந்தது என்கிற தோரணையில் சிரித்தார். “உயிரோட இருக்கறவங்க யாராவது நான் போறேன்னு சொல்லுவாங்களா, சொல்லுங்க?”

“நான் போறேன் சார்,” என்றான் கலைவாணன்.

 இயக்குநர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

“இதுக்கப்புறம் நீங்க பதிவுல இருக்க மாட்டீங்க. புரியுதா? நாளைக்கு எந்த ஆபீஸ்ல போய் எந்த கார்டு கேட்டாலும், நீ யாருன்னு கேப்பாங்க.”

“இப்பவும் அப்படித்தான் சார் கேக்கறாங்க.”

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, பார்த்தேன். “எழுதி வாங்கிக்கங்க, தேவதாஸ்.”

நான் எழுதினேன். ‘கீழே கையொப்பமிடும் நான், எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழு மனதுடன், மேற்படி பதிவேட்டில் இல்லாமலிருக்கச் சம்மதிக்கிறேன்.’ இதிலும் இயக்குநர் ஓர் எழுத்தை மாற்றவில்லை. கலைவாணன் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டான். பூர்ணிமா விசைகளைத் தட்டும்போது அழுதுகொண்டிருந்தாள். ஒருவன் போனான், ஒருத்தி வந்தாள். எண்ணிக்கை அப்படியே நின்றது.

குழந்தையின் பெயர் என்ன என்று திரை கேட்டது. “பேர் வெக்கறதுக்குள்ளதான்...” என்று அவன் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ‘பெண் குழந்தை’ என்றே போட்டோம். சான்றிதழ் அச்சாகி வந்தது. தாய், சத்யப்பிரியா. தகப்பனார் என்ற இடத்தில், அப்படி ஒரு ஆள் இப்போது இல்லாததால், ‘பதிவில் இல்லை’ என்று வந்திருந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் அந்த வரியைப் படிக்கவே இல்லை. நேரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் விரல் வைத்துப் பார்த்தான். சீலை நானே அழுத்திப் போட்டேன், இரண்டு தரம்.

“சார், நீங்க கூட வாங்க சார்,” என்றான். “நான் குடுத்தா சந்தேகப்படுவா. ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து குடுத்தா நம்புவா.”

அலுவலக நேரத்தில் அனுமதி இல்லாமல் நான் வெளியே போனது அன்றுதான் முதல் முறை. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அந்தத் தாளை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தான். காற்றில் பறந்துவிடும், மெதுவாகப் போங்க சார் என்று வழியெல்லாம் சொன்னான்.

துறைமுகத்தைத் தாண்டி இரண்டாவது தெருவில் வீடு. மத்தியான நேரம். சத்யப்பிரியா வாசற்படியில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னப் பெண். புது ஆளைப் பார்த்ததும் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “வாங்க” என்றாள். புருஷனைப் பார்க்கவில்லை.

நான் எந்தத் துறை, எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். முன்னால் கொடுத்த தாளில் தவறு நேர்ந்துவிட்டது என்றேன். தவறு நேர்ந்தது என்ற வார்த்தையை எங்கள் துறையின் சார்பில் யாராவது சொன்னது அதுவே முதல் தரமாக இருக்கும். சான்றிதழை அவளிடம் கொடுத்தேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மேலிருந்து கீழே படித்தாள். சீலைத் தடவிப் பார்த்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். தகப்பனார் வரியில் அவள் கண் நிற்கவில்லை. அவளும் நேரத்தில்தான் நின்றாள். உதடு அசைய அவள் கணக்குப் போடுவது தெரிந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப நெசந்தானா?”

அவன் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, என் பங்குக்கு நானும் ஏதோ ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

“முப்பத்து மூணு நிமிசம் இருந்துச்சா?”

“ம். இருந்துச்சு பிரியா. நான்தான் சொன்னேனே.”

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் அங்கியேதான படுத்துகினு இருந்தேன்?”

“ஆமா. பக்கத்து ரூமு.”

“அப்ப என்னை ஏன்யா எழுப்பல?”

“மயக்க ஊசி போட்டிருந்தாங்க பிரியா...”

“ஊசி போட்டா இன்னா? அடிச்சாவது எழுப்பியிருக்கலாம் இல்ல? கிள்ளியிருக்கலாம் இல்ல?” அவள் கத்தவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. “முப்பத்து மூணு நிமிசம்யா. ஒருவாட்டி பாத்துட்டு, நான் மறுபடியும் தூங்கியிருப்பேனே.”